பலூனுக்குச் சவரம்

சலூன்காரருக்குப் பித்தக்குழாய் அடைப்பு பழைய நோய். அதில் கல்லீரல் கெட்டது, கண் மஞ்சளித்தது, கடைசியில் நடையும் தள்ளாடியது. கத்தி பிடித்த கை இலக்குத் தப்பி ஒருவர் காதுமடலைக் கீறியதும் கடைக்கு ஆள் வருவது நின்றது. அவரைக் கவனித்துக்கொள்ளக் காலையில் போகும் என்னிடம் ஒன்றைத்தான் கேட்பார்: "திரும்பக் கத்தி பிடிப்பேனாக்கா?"

கல்லீரல் கெட்டால் கொழுப்புச் சத்து உடம்பில் ஒட்டாது, வைட்டமின் ஈயும் சேராது, நரம்பு தளரும் என்றார் டாக்டர். ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கச் சொன்னார். லேப்காரப் பெண் வந்து ரத்தம் எடுத்து, குழாயை உடனே அலுமினியத் தாளில் சுற்றினாள்.

"எதுக்கும்மா சுத்துற?"

"வெளிச்சம் பட்டா வைட்டமின் கெட்டுடும் சார்."

அவ்வளவுதான். மறுநாள் போனால் சலூன் கதவு சாத்தியிருந்தது. கண்ணாடிகளுக்கெல்லாம் துண்டு. சுழல்நாற்காலியில் அவர், சமையலறை அலுமினியத் தாளைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு. அசைந்தால் சரசரத்தார்.

"குழாய்ல இருக்கறதே கெடுதுன்னா எனக்குள்ள இருக்கறது?"

"தோல்னு ஒண்ணு இருக்கே, தம்பி."

"ரொம்ப மெல்லிசுக்கா. சவரம் பண்றவனுக்குத் தெரியாதா?"

அவர் மனைவி தலையில் கைவைத்தாள். "கட்டிக்கிட்டப்ப மனுஷனாத்தான் இருந்தாரு. இப்ப பொட்டலமாயிட்டாரு."

பாதம் எங்கே இருக்கிறதென்று நரம்பு சொல்லாவிட்டால் கண்தான் சொல்ல வேண்டும். இருட்டில் அதற்கும் வழியில்லை. எழுந்தார், விழுந்தார். ஒருமுறை நாற்காலியையும் கூட்டிக்கொண்டு விழுந்தார். நான் சன்னலைத் திறப்பேன்; நான் தெருமுனை தாண்டுவதற்குள் மூடிவிடுவார்.

லேப் முடிவு வந்தது: வைட்டமின் போதுமான அளவில் உள்ளது.

"பார்த்தீங்களா! எல்லாம் இருட்டுல சேர்த்தது!"

ரத்தம் எடுத்தது இருட்டுக்கு முந்தின நாள் என்றேன். காதில் ஏறவில்லை. மனைவியின் தம்பியைச் சவரத்துக்குக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார்.

மச்சான் உட்காரவில்லை. "மாமா, முதல்ல ஒரு பலூனுக்குப் பண்ணுங்க. அது பொழச்சா நான் உட்கார்றேன்."

பலூனுக்கு நுரை பூசிக் கத்தியை வைத்தார். டமார். இன்னொன்று. டமார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "யாருக்குப் பிறந்தநாள்?" என்றார். முகமெல்லாம் நுரையோடு சலூன்காரர் அடுத்த பலூனை ஊதினார்.

அவரைத் தாங்கிக்கொண்டு டாக்டரிடம் போனோம். டாக்டர் லேப் முடிவைப் பார்த்து உதட்டைக் கடித்தார். "ரத்தக் கொழுப்பையும் சேர்த்துப் பார்த்திருக்கணும். விட்டுட்டோம்." பார்த்தார்கள். கொழுப்பு மலையாக இருந்தது. அதோடு ஒப்பிட்டால் வைட்டமின் கடுகு.

"அப்ப முதல்ல வந்தது பொய்யா?"

"பொய்யில்ல. பஸ் நிறைய ஆள் இருக்கு, உங்க ஸ்டாப்புல யாரும் இறங்கல. ரத்தத்துல இருக்குற கொழுப்பு அதைப் பிடிச்சு வச்சிருக்கு."

கொழுப்பின் துணையில்லாமலே உடம்பில் சேர, தண்ணீரில் கரைகிற வைட்டமின் மருந்து எழுதிக்கொடுத்தார். சலூன்காரர் குரலைத் தாழ்த்தினார். "அந்த அலுமினியத் தாள்...?"

"சாப்பாடு கட்டுங்க."

நரம்பு அவசரப்படாது. மாதங்கள் போயின. கண்ணாடிகளின் துண்டு இறங்கியது, பலூன்கள் வெடித்தபடியே இருந்தன. பிறகு ஒருநாள் ஒன்று வெடிக்கவில்லை. நுரை வழித்த பலூனை நூலில் கட்டி வாசலில் தொங்கவிட்டு, மச்சானுக்கு ஆள் அனுப்பினார்.

மச்சான் பலூனை உருட்டி உருட்டிப் பார்த்தான். "கீழ கொஞ்சம் நுரை விட்டிருக்கீங்க, மாமா."

"பேச்சு மாறாத. உட்காருடா."

உட்கார்ந்தான். உட்காருவதற்கு முன் சட்டைப்பையிலிருந்து அலுமினியத் தாளை எடுத்து இரண்டு காதுகளையும் சுற்றிக்கொண்டான். சலூன்காரர் கத்தியைத் தீட்டினார். கை ஆடாமல் நின்றது.