பம்புக் குளத்து வாத்து

போன வாரம் ஒரு வாத்தால் நான் பிரபலமானேன். நிலைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் எஸ்டேட்டின் தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில், கம்போங் ராஜா போகும் வழியில், ஒரு குளம். சுற்றிலும் நாணலும் சேறும். கரையில் முனியாண்டி அண்ணனின் முட்டைக்கோஸ் தோட்டம். பனி மூடிய காலையில் கேமராவோடு போய் நின்றேன். நடுக்குளத்தில் கறுப்பாக ஒன்று. விலாவில் பளிச்சென்று வெள்ளை. ஃபோகஸ் பண்ணுவதற்குள்... முங்கிவிட்டது! சற்று நேரத்தில் மேலே வந்தது. மறுபடி முங்கல்.

விடாமல் படமெடுத்தேன். டஃப்டட் டக்! பின்தலையில் சின்னக் கொண்டை வைத்த, நீரில் மூழ்கி இரை தேடும் காட்டு வாத்து. நம் நாட்டுக்கு எப்போதாவது வழி தவறி வந்தால் உண்டு.

எடுத்த படங்களில் பாதி வெறும் அலை. ஒன்றில் மட்டும் மங்கலாக அது. சுற்றியிருந்ததையெல்லாம் வெட்டிப் பெரிதாக்கி, பறவை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'டஃப்டட் டக். ஆண். சந்தேகமே இல்லை.'

அந்தக் கடைசி வரியை யார் கேட்டார்கள்?

கைத்தட்டல் பொம்மைகள் குவிந்தன. கூடவே ஈப்போவிலிருந்து, குழுவின் தலைவி வாசுகி டீச்சர்: "ஞாயித்துக்கிழமை காலையில வர்றேன் தம்பி. இத்தனை வருசமா தேடியும் நான் பார்க்காத வாத்து."

சனிக்கிழமை ஒத்திகைக்குப் போனேன். பனி இல்லை, நல்ல வெயில். வாத்து அதே இடத்தில் இருந்தது — இம்மியும் நகராமல். அதன் கழுத்தில்... கயிறு!

"அண்ணே, அது என்னாண்ணே?" தோட்டத்தில் நின்ற முனியாண்டி அண்ணனிடம் கேட்டேன்.

"அதுவா? தோட்டத்துக்குத் தண்ணி இழுக்கிற ஹோஸ் வாய் சேத்துல பொதையாம இருக்கக் கட்டுன கறுப்பு இஞ்சின் எண்ணெய் போத்தல் லா! பம்பு இழுத்தா முங்கும், நிப்பாட்டுனா மேல வரும். ஏன், வேணுமா? வீட்டுல இன்னொண்ணு கெடக்கு."

அலமாக்! அந்த வெள்ளை விலா, போத்தலின் லேபிள்!

வீட்டில் மனைவி மணிமாலாவிடம் சொன்னேன். சிரித்து முடிக்கவே அவளுக்கு வெகுநேரம் ஆனது.

"வாத்து பறந்துருச்சுன்னு சொல்லிறவா?"

"சொல்லுங்க. போத்தல் பறந்த கதைய நானும் கேக்கணும்."

காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா? குளம் வற்றிவிட்டது எனலாமா? இந்த மழைக்காலத்திலா? பாவம், அந்த அம்மாள் அவ்வளவு வளைவுகளையும் தாண்டி மலையேறி வந்து ஒரு போத்தலையா பார்ப்பார்?

ஞாயிறு காலை, டீச்சர் காடியை விட்டு இறங்குவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் குளத்தைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். என்னைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார்.

"குரூப்ல போட்டது வெட்டுன படம்தானே? முழுப் படம் இருக்கா?"

கேமராவை நீட்டினேன். திரையில் பெரிதாக்கி, இடது மூலைக்குப் போனார். நாணலோரம் பழுப்பாக ஏதோ. சேற்றுக் கட்டி என்று நான் வெட்டி எறிந்த பகுதி.

"மஞ்சக் கண்ணு தெரியுதா? தட்டை மூக்கு. பின்மண்டையில பாருங்க, குட்டியா ஒரு கொண்டை..." டீச்சர் திரையை என் பக்கம் திருப்பினார். "டஃப்டட் டக்தான் தம்பி. பொம்பள வாத்து!"

அந்த நேரம் பார்த்து அண்ணன் பம்பைப் போட்டார். போத்தல் முங்கியது. சத்தம் பிடிக்காமலோ என்னவோ, நாணலுக்குள்ளிருந்து பழுப்பு வாத்து வெளியே நீந்தி வந்தது. எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதுவும் முங்கியது. டீச்சர் பைனாகுலரை இறக்கவேயில்லை. கன்னத்தில் மட்டும் ஈரம் இறங்கியது. நான் படபடவென்று கிளிக் செய்தேன்.

அத்தனையும் அலை.

அன்று மதியமே குழுவில் நேர்மையாக ஒரு திருத்தம் போட்டேன்: 'ஆண் அல்ல, பெண்.'

முதல் லைக், டீச்சருடையது!