நாத்தனார் ஆகாதவளோடு காந்தலூர் மலையில்

"அந்த மலைக்குளிருல நீ ரெண்டு நாள் தாங்கமாட்டே. மூணாம் நாள் அழுதுட்டே பஸ் ஏறுவே."

மறையூர் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்த அன்று பிரபு சொன்னது இது. மூன்று வருடம் காதலித்து, இரண்டு வீடும் சம்மதித்து, உப்புச்சர்க்கரை மாற்றிக் கல்யாணத்தை உறுதி செய்திருந்தார்கள். வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்றார்கள் அவர் வீட்டில். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஆள் நான். அப்படி எழுதிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. கல்யாணம் நின்றது.

வேலையில் சேரக் கடைசி நாள் திங்கட்கிழமை. அழுததிலேயே நாள் போய்விட்டதால் சேர்வதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. முதலில் அந்த மலையை நடந்து பார்த்துவிடலாம் என்று சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். ஏறிய பிறகுதான் பார்க்கிறேன், கடைசி சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு திவ்யா உட்கார்ந்திருக்கிறாள். பிரபுவின் தங்கை, கல்லூரியில் இரண்டாம் வருடம். நான் தனியாகப் போவதை என் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் வீட்டில் சிநேகிதி ஊருக்கு என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"டிக்கெட் எடுத்துட்டேனுங்க நங்கை. எறங்கச் சொல்லாதீங்க."

எங்கள் பக்கம் அண்ணன் மனைவியைத்தான் நங்கை என்போம். இனி அப்படிக் கூப்பிடாதே என்றேன்.

"வேற என்னன்னு கூப்பிடறதுங்க?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பொள்ளாச்சியில் இட்லி, உடுமலைப்பேட்டையில் பஸ் மாற்றம். கேரளத்தில் கிளம்பி, தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து, சின்னாறு செக்போஸ்டில் மறுபடி கேரளத்துக்குள் நுழைகிற விசித்திரமான வழி இது. உடுமலையிலிருந்து மறையூர் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆனால் இரண்டு மணி நேரம் ஆகும். பாதி வழி வரை முள்காடும் வெயிலும் எங்கள் ஊர் போலவே இருந்தன. ரோட்டில் ஈரம் காயாத யானைச் சாணத்தைப் பார்த்ததும் டிரைவர் ஹார்ன் அடிப்பதை நிறுத்தினார். பஸ்ஸில் பேச்சும் நின்றுபோனது. அதற்கப்புறம் ஒவ்வொரு வளைவிலும் காற்று குளிர்ந்துகொண்டே வந்தது.

மறையூரிலிருந்து காந்தலூருக்கு ஜீப், ஆளுக்கு ஐம்பது ரூபாய். ஊருக்குள் நுழைந்ததும் திவ்யா ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆப்பிள் மரம். கிட்டப் போய் ஒரு காயைப் பறிக்காமல் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். "ஸ்டிக்கர் ஒட்டாம இருக்குதுங்க நங்கை" என்றாள் கவலையோடு. பல வாரங்களுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான். ஜீப்காரரும் சேர்ந்து சிரித்தார்.

தங்கியது செல்வம் என்பவரின் வீட்டு மாடியில். அறை எண்ணூறு ரூபாய், ராத்திரி கஞ்சியும் பயறும் சேர்த்து. மலைக்கு வழி காட்டுகிறவரும் அவர்தான். நான் வந்த காரணத்தை திவ்யா அவரிடம் உளறிவிட்டதால் அப்போதிருந்தே எனக்கு 'டீச்சர்' என்று பெயர்.

ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்பினோம். முதலில் பூண்டு வயல்கள், பிறகு யூக்கலிப்டஸ், அதற்கு மேல் வெளிச்சம் நுழையாத சோலைக்காடு. முந்தின நாள் மழையில் அட்டைகள் விழித்திருந்தன. செல்வம் ஆளுக்கொரு துணியில் உப்பு முடிந்து கொடுத்து, காலில் தேய்க்கச் சொன்னார்.

திவ்யா அதைக் கையில் வைத்துப் பார்த்தாள். "அன்னைக்கு ரெண்டு ஊட்டுக்காரங்களும் அத்தன உப்பு மாத்துனாங்க. அதக் கொண்டாந்திருந்தா இந்நேரம் பிரயோசனப்பட்டிருக்குமுங்க."

செல்வத்துக்கு விஷயத்தை விளக்க வேண்டியதாயிற்று. பாதி கதையிலேயே நாங்கள் மூன்று பேரும் சிரித்து, என் காலில் இரண்டு அட்டைகள் ஏறியதைக் கவனிக்கவில்லை. கல்யாணம் நின்ற கதையைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும் என்று ஒருவரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

ஏற்றம் செங்குத்தானபோது செல்வம் தன் கவலையைச் சொன்னார். அவர் மகள் படிப்பது நான் சேர வேண்டிய அதே பள்ளியில், மூன்றாம் வகுப்பு. போன வருடம் வந்த டீச்சர் ஒரே மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம்.

"நீங்க இருப்பீங்கன்னா வாங்க டீச்சர். இல்லன்னா புள்ளைக்கு ஆசை காட்டாதீங்க."

பதில் சொல்ல மூச்சு இல்லை என்று பாவனை செய்தேன்.

பத்து மணிக்கு உச்சிப் பாறை. மரங்கள் விலகி ஒரேயடியாக வானம். வடகிழக்கே மடிப்பு மடிப்பாகத் தமிழ்நாட்டு மலைகள்; அவற்றுக்கு அப்பால் தகடு போல மின்னியது அமராவதி அணை என்றார் செல்வம். நின்ற இடத்தில் காற்று துப்பட்டாவைப் பிடுங்கியது. திவ்யா இரண்டு கையையும் விரித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவள் போனுக்கு சிக்னல் கிடைத்து மணி அடித்தது. எடுத்துப் பார்த்தவள் முகம் மாறி, என்னிடம் நீட்டினாள். அண்ணன்.

வாங்கிக்கொண்டேன். என்னோடு அவள் வந்திருப்பது பிரபுவுக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் கோபப்படவில்லை. அப்பா இறங்கி வந்துவிட்டார், அந்த வேலையை மட்டும் விட்டுவிடு, தை மாதம் கல்யாணம் என்றார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கும். அன்றும் பிடித்தது.

"நீங்க ஒரு தடவ இங்க வாங்க. இந்த மலையப் பாருங்க. அப்புறம் பேசலாமுங்க" என்றேன்.

"நான் அங்க வந்து என்ன பண்றது?" என்றார். கேலியாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

மூன்று வருடம் அவர் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் நான் போயிருக்கிறேன். நான் அவரைக் கூப்பிட்டது இந்த ஒரு தடவைதான்.

"நான் நாளைக்கு வேலையில சேர்றேனுங்க" என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்தேன். சொன்ன பிறகுதான் முடிவு எடுத்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

திவ்யா அழ ஆரம்பித்தாள். நான் அழுவேன் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். "எனக்கு அவனும் வேணும், நீங்களும் வேணுமுங்க" என்றாள்.

"அதுக்கு நங்கையாத்தான் இருக்கணுமா? அக்கான்னு கூப்பிடு."

மூக்கைத் துடைத்துக்கொண்டு மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அப்புறம் பள்ளத்தாக்கைப் பார்த்து அதையே தொண்டை கிழியக் கத்தினாள். கீழே எங்கோ மாடு மேய்த்த பெண் ஒருத்தி என்ன என்று திருப்பிக் கேட்டாள். செல்வம் தலையில் அடித்துக்கொண்டு தக்காளிச் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தார். பூண்டு ஊறுகாய் காரம். அப்படிப் பசித்துச் சாப்பிட்டும் வெகு நாளாகியிருந்தது.

இறங்கும் வழி ஏறியதைவிடக் கஷ்டம்; முழங்கால் நடுங்கும். போகிறவர்கள் கைக்கம்பு எடுத்துப் போங்கள்.

சாயங்காலம் அம்மாவுக்கு போன் செய்தேன். வேலையில் சேரப்போவதைச் சொன்னேன். அப்பாவிடம் கம்பளி கொடுத்து அனுப்பவா என்று மட்டும் கேட்டாள்.

திங்கள் காலை மறையூர் ஸ்டாண்டில் உடுமலை பஸ்ஸுக்கு நாங்கள் எடுத்தது ஒரே ஒரு டிக்கெட். எங்கள் ஊரில் கணவாய்க் காற்று புழுதியையும் சூட்டையும் அள்ளிக்கொண்டு வரும். கதவைச் சாத்தினால்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் கதவைத் திறந்துவைத்து வெயிலுக்காகக் காத்திருக்கிறார்கள். எது நல்லது என்று சொல்ல எனக்கு ஒரு வருடமாவது வேண்டும்.

பஸ் நகர்ந்தபோது, "தீபாவளிக்கு வருவீங்களா அக்கா?" என்று திவ்யா ஜன்னல் வழியே கேட்டாள். நீ இங்கே வா என்றேன்.

ஒன்பதரைக்குப் பள்ளியில் சேர்ந்தேன். செல்வத்தின் வீட்டு மாடி அறையை முந்தின இரவே ஒரு வருடத்துக்குப் பேசி முடித்திருந்தேன்.