சொல்லி வெட்டும் பெண்

வெள்ளைக்காரன் போவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, மலைமேல் பெரக்கரை நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியாராக இருந்தேன். மகளுக்கு எட்டு வயது. அவளைச் சதுரங்கத்தில் பெரிய ஆளாக்கியே தீருவது என்று தினம் மூன்று ஆட்டம் வைத்தேன். காய்கள் மரவள்ளிக் கிழங்கில் செதுக்கியவை. பத்தே நாளில் யானைகள் நான்கும் காய்ந்து சிப்பாய் அளவுக்குச் சுருங்கிவிட்டன. எது யானை என்று எனக்குத்தான் குழம்பியது, அவளுக்கு இல்லை.

அவளிடம் ஒரே ஒரு கோளாறு. எதிராளியின் ராஜாவுக்குக் குறி வைத்தால் "ராஜா" என்று குரல் கொடுக்க வேண்டும்; சொல்லாமல் எடுத்தால் செல்லாது. எங்கள் பக்கத்து விதி அது, நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவளோ அந்த மரியாதையை எல்லாக் காய்க்கும் கொடுத்தாள். "ஏனுங்கப்பா, உங்க குதிரைய வெட்டப் போறனுங்க, பாத்துக்குங்க." ஒரே ஆட்டத்தில் பத்தொன்பது எச்சரிக்கைகள்!

காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு பண்ணைக்காரரை நான்கு ஆண்டுகளாக யாரும் ஜெயித்ததில்லை. அவரை ஜெயிப்பவர் சேலத்துப் போட்டிக்குப் போகலாம் என்று ஏற்பாடு. மலை இறங்கும்போது வழி நெடுக "வாயைத் திறக்காதே" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். முப்பத்தாறு தடவை.

திறக்கவே இல்லை. இருபத்திரண்டாவது நகர்த்தலில் அவள் குதிரை அவருடைய ராஜாவுக்குக் குறி வைத்தது. அவர் கவனிக்காமல் வேறு காயை நகர்த்தினார். இவள் ராஜாவை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"கண்ணு, ராஜான்னு சொன்னியா?"

இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்பச் செல்லாது. ஏனுங்க வாத்தியாரே, ஊமையாவா வளத்தி வெச்சிருக்கீங்க?"

கூடியிருந்த பதினான்கு பேரும் சிரித்தார்கள். அவர் ராஜாவைத் திரும்ப வைத்து, பத்திரமான கட்டத்துக்கு நகர்த்திக்கொண்டார். சேலம் போயிற்று, என்னால் போயிற்று.

"அப்பா, இப்பப் பேசலாமுங்களா?"

என்னவோ செய் என்று கையை விரித்தேன்.

"மாமா, உங்க யானைய வெட்டப் போறனுங்க."

"இத்தன நேரம் வாயத் தொறக்காத புள்ள இப்பச் சொல்லுதுன்னா அது சூதுதானுங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவர் மந்திரியைக் காப்பாற்றினார். யானை போயிற்று. "குதிரைங்க மாமா" என்றாள். மிச்சமிருந்த யானையைக் காப்பாற்றினார். குதிரை போயிற்று. இப்படி ஐந்து காய்கள். கடைசியில் அவள் "ராஜாவுங்க" என்றபோது ராஜாவுக்கு நகர இடமில்லை.

பண்ணைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சேலத்துக்குக் கூட்டீட்டுப் போங்க வாத்தியாரே. ஆனா ஆட்டம் முடியற வரைக்கும் நீங்க வெளியிலயே நில்லுங்க."

நின்றேன். சேலத்து மண்டபச் சன்னலில் பதினொரு கம்பிகள். ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே எட்டிப் பார்த்தால் பலகை தெரியவில்லை. அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.