மால்டாவில் நான் பார்க்காத வீடு

வீடு விற்கும் தொழிலில் முப்பது வருடம் இருந்தேன். விற்ற வீடுகளில் பாதி மறந்துவிட்டது. மால்டாவில் விற்ற ஒரே ஒரு வீடு மட்டும் மறக்கவில்லை. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் எண்ணெய் விலை விழுந்ததும், எண்ணெயை நம்பியே வாழ்ந்த அமெரிக்காவின் ஹூஸ்டனில் வீடு வாங்க ஆளில்லை. அதன் புறநகரான சுகர் லேண்டில் எங்கள் ஆபீஸில் போன் அடித்தாலே எல்லோரும் திரும்பிப் பார்ப்போம். என் பாஸ் ராமநாதன் எங்கிருந்தோ ஓர் ஆல்பம் கொண்டுவந்தார். எல்லாம் மால்டா வீடுகள். மால்டா, இத்தாலிக்குத் தெற்கே கடலுக்குள் இருக்கும் குட்டி நாடு. வெளிநாட்டுக்காரர் வாங்க வேண்டுமென்றால் அரசாங்க பெர்மிட் வேண்டும். ஒரு வீடுதான் வாங்கலாம், வாடகைக்கு விடக்கூடாது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். பேப்பர் படிப்பதில் நான் புலி.

அப்போதுதான் பிலோமினா ஆண்டி வந்தார். தூத்துக்குடிக்காரர், நர்ஸ், ரிட்டயராகப் போகிறவர். கூடவே கணவர் அருளப்பன் அங்கிள். ஸ்ட்ரோக் வந்து இடது கால் இழுத்துவிட்டது. வாக்கர் பிடித்துத்தான் நடப்பார்.

“இங்க கோயிலுக்குப் போகணும்னாலும் ஃப்ரீவே ஏறணும் தம்பி. நான் டூட்டிக்குப் போயிட்டா அவுக வீட்டுலயே அடைஞ்சு கெடக்காக. ஊருக்குப் போவோம்னா, பாக்கிறவன் எல்லாம் உச்சுக் கொட்டுவான்னு வரமாட்டேங்காக. தானா நடந்து பூசைக்குப் போகணும். அவ்வளவுதான் அவுக ஆசை.”

ஆல்பத்தில் வாலெட்டா நகரத்து வீடு ஒன்று இருந்தது. தரைத்தளம், பச்சை மரக்கதவு, அதே தெருவில் மாதா கோயில். அங்கிள் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“படி இருக்கா?” என்று ஆண்டி கேட்டார்.

“ஒரு படிகூட இல்ல ஆண்டி.”

“நீங்க நேர்ல போய்ப் பாத்தீங்களா?”

ஐரோப்பாவில் நான் பார்த்தது, சென்னையிலிருந்து வரும் வழியில் ஓர் ஏர்போர்ட் கண்ணாடிக்கு வெளியே பெய்த மழை மட்டும்தான். பக்கத்து மேசையிலிருந்து ராமநாதன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக எனக்கு ஒரு க்ளோசிங்கும் இல்லை, ஒரு வீடுகூட விற்று முடியவில்லை.

“பாத்தேன் ஆண்டி. அங்கிள் ஜாலியா நடந்து போகலாம்” என்றேன்.

பெர்மிட் வந்தது. இங்கிருந்த வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். நாலு மாதத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். ஆண்டி மட்டும் ஆபீஸுக்கு வந்தார்.

“வீடு நீங்க சொன்ன மாதிரியேதான் தம்பி. உள்ள படி இல்ல. ஆனா தெருவே படிதான். கதவத் தொறந்தா மேலயும் படி, கீழயும் படி. அவுக வாசல்ல நாற்காலி போட்டு, கோயில் மணி அடிக்கிறதக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தாக.”

மேட்டில் கட்டிய ஊர். அங்கே பல தெருக்கள் அப்படித்தானாம். படம் எடுத்தவர் கதவை மட்டும் எடுத்திருக்கிறார்.

“அத வித்துட்டு வேற வீடு பாக்கலாமா ஆண்டி?” என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

“வித்துக் குடுங்க, போதும். அவுக இனி எங்கயும் வரலன்னுட்டாக.” என் முகத்தைப் பார்த்தவர், ஆறுதலாகச் சொன்னார்: “மனசுல வச்சுக்காதீங்க தம்பி. நல்ல கால் உள்ளவங்களுக்குப் படி கண்ணுல படாது. நீங்க விறுவிறுன்னு ஏறிப் போயிருப்பீங்க.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “ஆமா ஆண்டி, கவனிக்கல” என்றேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். வியாபாரம் போனால் போகட்டும். முதல் பொய்க்கு வயிற்றுப்பிழைப்பைச் சாக்குச் சொல்லிக்கொண்டேன். இரண்டாவதற்கு இன்றுவரை ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. ஆண்டி மன்னித்தது, அங்கே போயும் கவனிக்கத் தவறிய ஒருவனை. அவனுக்கு உரிய மன்னிப்பை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.