லண்டன் மிட்சத்தில் ஒரு கடையும் இரண்டு கதிரைகளும்

"கடை லீஸ் முடியுது மாஸ்டர். எனக்கு முழங்கால் ஏலாது, விலகப்போறன். பூட்ட முதல் ஒருக்கா வாங்கோ" என்று மன்னார் அந்தோனி தொலைபேசியில் சொன்னார். லீஸ், அதாவது கடைக் குத்தகை, இருவர் பேரில் உள்ளது. அவர் விலகினால் கடைப் பங்காளி சிவா தனியே நடத்த மாட்டார். லெஸ்டருக்குக் குடிபோய் ஆறு ஆண்டுக்குப் பிறகு, போன செவ்வாய்க்கிழமை நான் தென் லண்டனில் உள்ள மிட்சம் (Mitcham) போன காரணம் இதுதான். அங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பித்த காலத்தில், வகுப்பு முடிந்ததும் கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்சும் பால் விடாத பிளேன்டீயும் இவர்கள் கடையில்தான்.

குரோய்டனில் இறங்கியதும், விசா அலுவல் பார்த்த அந்தப் பெரிய அரசாங்கக் கட்டடத்தைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை. அந்தோனியும் சிவாவும் முதலில் சந்தித்தது அதன் வரிசையில். ஒருவர் தேத்தண்ணி வாங்கப் போனால் மற்றவர் இடத்தைப் பார்த்துக்கொள்வாராம்.

கடையும் அப்படித்தான் நடந்தது. ஞாயிறு காலை அந்தோனி தேவாலயப் பூசைக்குப் போனால் சிவா நிற்பார். வெஸ்ட் ஈலிங் அம்மன் தேருக்குச் சிவா போனால் அந்தோனி. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும் பொங்கலுக்கும் கடை திறந்திருக்கும். ஒருவர் இல்லாத நாளில் தடுமாறக் கூடாதென்று, மாதத்தில் ஒரு நாள் அந்தோனி கவுண்டருக்கும் சிவா அடுப்படிக்கும் மாறுவார்கள். சிவாவின் முதல் ரோல்ஸ் எண்ணெயில் வெடித்தது, சாப்பிட்டவன் நான்.

9.40க்கு ஈஸ்ட் குரோய்டனில் டிராம். ஏறுமுன் வங்கி அட்டையை மேடையிலுள்ள இயந்திரத்தில் தொட வேண்டும், கட்டணம் 1.75 பவுண். இருபது நிமிடப் பயணம், பிறகு பத்து நிமிட நடை.

அந்தோனி அடுப்படியில் சுவரைப் பிடித்தபடி ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். கவுண்டரிலிருந்து சிவா தொடங்கினார்.

"மாஸ்டர், நீங்களாவது சொல்லுங்கோ. இனி நான் அடுப்படியிலை நிக்கிறன், அண்ணை இஞ்சை இருக்கட்டும் எண்டால் கேக்கிறாரில்லை."

"நீ வேகிறதை நான் இருந்து பாக்கிறதோ? எனக்கு வெக்கமில்லையோ?"

"குரோய்டனிலை நீங்கள் காய்ச்சலோடை சுருண்டு கிடக்க, ரெண்டு பேருக்கும் நான்தானே வரிசையிலை நிண்டனான். அப்ப வெக்கப்பட்டனீங்களோ?"

"அதுக்குச் சாப்பிடப் பாண் வாங்கித் தந்தனான்."

"இப்பவும் வாங்கித் தாங்கோ."

சிவா அரிசி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து இரண்டு உயரக் கதிரைகளை இழுத்து வந்து, ஒன்றின் உறையைக் கிழித்தார்.

"மற்றது ஆருக்கு?" என்றார் அந்தோனி.

"எனக்கு. என்ரை முழங்காலும் ஒருநாள் போகும்தானே."

அந்தோனி அடுப்பை அணைத்தார். மெல்ல வந்து உட்கார்ந்தார். கவுண்டரில் கிடந்த புது லீஸ் தாளைத் தன் பக்கம் இழுத்து, "பேனை எங்கையடா?" என்று கேட்டார்.

பங்குத் தொழில் தொடங்க நினைப்பவர்கள் ஒரு ஞாயிறு காலை அங்கே போய்ப் பாருங்கள். இருவரில் ஒருவர்தான் இருப்பார். கடையில் குறை தெரியாது. எனக்குத் தெரிந்த நல்ல பங்கு அதுதான். ரோல்ஸ் ஒன்று 1.20 பவுண், பதினொரு மணிக்குச் சூடாகக் கிடைக்கும். கவுண்டர் அருகே உறை பிரிக்காத கதிரை ஒன்று நிற்கும். கால் வலித்தாலும் அதில் மட்டும் உட்காராதீர்கள்.