லேபிள் ஒட்டாத பாக்கெட்டுகள்

அப்பாவுக்காக நான் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய பட்டியலில் இருபத்திரண்டு வரிகள் இருந்தன. டயட்டீஷியன் கொடுத்தது ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், ஏறக்குறைய நாற்பது பெயர்கள். அம்மா அதை அடுப்படியில் நின்றபடி, கையில் கரண்டியோடு படிக்க வேண்டும். அதனால் தமிழில் எழுதிச் சுருக்கினேன். எங்கள் வீட்டுக்குள் ஒருநாளும் வராத பொருட்களை நீக்கினேன். வெண்ணெய்ப்பழம், உலர்ந்த ஆப்ரிகாட், காளான் வகைகள், உப்புக்கு மாற்றாக விற்கும் உப்புகள். இல்லாததை எழுதி எதற்கு இடத்தை அடைப்பது என்று நினைத்தேன்.

மிச்சம் இருந்தவை வாழைப்பழம், இளநீர், உருளைக்கிழங்கு, கீரை என்று வரிசையாக வந்தன. அப்பாவின் சிறுநீரகங்கள் பாதிக்கு மேல் பழுதாகிவிட்டன என்று தெரிந்த வாரம் அது. பொட்டாசியம் உடம்பைவிட்டு வெளியேறாது, ரத்தத்தில் சேர்ந்தால் இதயத்துடிப்பையே குலைக்கும் என்று டாக்டர் சொன்னார். கூடவே, ரத்த அழுத்தத்துக்காக உப்பையும் பாதியாகக் குறைக்கச் சொன்னார்.

அம்மா அந்தப் பட்டியலைச் சட்டம்போல நடத்தினாள். காய்களை நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டுவாள். அதில் ருசி என்று எதுவும் மிஞ்சாது. பம்மல் மெயின் ரோட்டில் இருபது வருடம் ஹார்டுவேர் கடை நடத்தியவர் அப்பா. வருகிற ஆட்கள் எல்லோரையும் கிண்டல் செய்தே ஆணியும் பெயின்ட்டும் விற்றவர். இப்போது தட்டைப் பார்த்துக் கிண்டல் செய்தார்.

"காய்க்கு ரெண்டு தபா தலைக்கு ஊத்தி இட்டுனு வர்றா உங்கம்மா. இன்னும் துண்டு கட்டல, அவ்ளோதான்."

சிரிப்போம். பிறகு அவர் பாதித் தட்டில் கை கழுவிவிடுவார். நான்கு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தார். மெலிந்த முகத்தில் மீசை பெரிதாகத் தெரிந்தது.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். பொழிச்சலூரில் எங்கள் வீட்டிலிருந்து திருநீர்மலை போகும் சாலையில், ஸ்கூட்டரில் இருபது நிமிடத்தில், நான் வேலை செய்யும் இடம் இருக்கிறது. இயற்கை முறையில் விளைந்த பொருட்களை மட்டும் வாங்கி ரெடிமிக்ஸ் தயாரிக்கும் சின்ன கம்பெனி. ஒரு ஷெட், மாடியில் ஒரு லேப், மொத்தம் பதினாறு பேர். தரக் கட்டுப்பாடும் புதுப் பொருள் தயாரிப்பும் என் பொறுப்பு.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிய பொருள் ஒன்றைச் செய்து பார்க்கும்போது, ஒவ்வொரு ட்ரையலுக்கும் நாற்பது பாக்கெட் போடுவோம். வெறும் வெள்ளிநிற ஃபாயில். மேலே ஒரு சின்ன ஸ்டிக்கரில் ட்ரையல் எண்ணும் தேதியும் இருக்கும், வேறு எதுவும் இருக்காது. சோதனைக்குப் போக மிஞ்சியதை நாங்கள் வீட்டுக்கு எடுத்துப்போவோம். லேபிள் கடைக்குப் போகும் பாக்கெட்டுக்குத்தான். நம் வீட்டுக்குப் போவதில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியாததா?

அந்த வருடம் முதலாளி, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்காக உப்பு குறைந்த மிளகு சீரக சூப் ஒன்று வேண்டும் என்றார். உப்பைப் பாதியாகக் குறைத்தால் சூப் சப்பென்று இருந்தது. குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்தேன். பார்க்க உப்பு மாதிரியே இருக்கும், பூமியிலிருந்து வெட்டி எடுப்பது, நாக்குக்கும் உப்பு மாதிரியே தெரியும். எங்களுக்குச் சான்று தரும் அமைப்பின் அனுமதிப் பட்டியலில் அது இருந்தது. லேபிளில் அதற்கு 508 என்று எண். பாக்கெட்டின் முன்பக்கத்தில் 'செயற்கைப் பொருள் எதுவும் இல்லை' என்று போடவும் அது தடையில்லை. அப்படிப் போட்டதில் பொய்யும் இல்லை. மிளகு எப்படி விளைந்தது, எதைக்கொண்டு அரைத்தார்கள் என்று அந்தச் சான்று பார்க்கும். குடிக்கப் போகிறவர் யார் என்று அது கேட்பதில்லை.

நானும் கேட்கவில்லை. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். என்னிடம் உப்பு குறைந்த சூப் இருந்தது. இரண்டும் என் தலைக்குள் கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்துவிட்டன. லேபுக்குள் அந்தப் பொருளை நான் எண்ணால் அழைத்தேன். வீட்டில் பொட்டாசியம் என்றால் வாழைப்பழமும் இளநீரும். ஃபிரிட்ஜில் ஒட்டிய பட்டியல், சூப்பில் சேர்ப்பவற்றின் பட்டியல், இரண்டும் என் கையெழுத்தில்தான் இருந்தன. அவற்றை ஒருமுறைகூடப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

முதலில் கொண்டுபோனது நான்காவது ட்ரையல். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல் மீதியையும் குடித்தார். அம்மா என்னைப் பார்த்தாள். மாதக்கணக்கில் அவர் எதையும் அப்படி முடித்ததில்லை.

"நல்லாக்கீது பாப்பா. கடசீல மட்டும் லேசா கசக்குது."

மறுநாள் அதை ட்ரையல் புத்தகத்தில் எழுதினேன். 'லேசான பின்கசப்பு.' பொட்டாசியம் குளோரைடுக்கு அந்தக் குணம் உண்டு. நாக்கின் பின்பக்கம் மெல்லிய கசப்பு தங்கும். எங்கள் லேபில் வேறு யாருக்கும் அது பிடிபடவில்லை. உப்பில்லாமல் கிடந்த நாக்கு என்பதால் அப்பாவுக்குத் தெரிந்தது. ஐந்தாவது ட்ரையலில் கசப்பை மறைக்க ஈஸ்ட் சாறு சேர்த்தேன், அதுவும் அனுமதிக்கப்பட்டதுதான். ஆறாவதில் அளவைச் சரிசெய்தேன். ஏழாவதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அப்பா உதட்டைத் துடைத்துக்கொண்டு, "இப்ப ஷோக்காக்கீது" என்றார். புத்தகத்தில் 'கசப்பு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர். சூப்போடு சேர்ந்து சோறும் இறங்கியது. இரண்டு கிலோ ஏறினார். பார்க்க வந்தவர்களிடம் அம்மா, பொண்ணு கம்பெனி சூப்பு, ஆர்கானிக், கடையில் இன்னும் வரவே இல்லை என்று பெருமையாகச் சொல்வாள். ஆறு வாரம் அப்படிப் போயிற்று.

ஒரு திங்கட்கிழமை காலை, சூப் குடித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழப் பார்த்தவரால் எழ முடியவில்லை. கால் இரண்டும் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது என்றார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் நான் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆட்டோவில் குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஈ.சி.ஜி. எடுத்த நர்ஸ் அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு நடக்கவில்லை, ஓடினாள்.

ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஊசி போட்டுக்கொண்டே டாக்டர் அம்மாவைக் கேட்டார். இளநீர் குடித்தாரா, வாழைப்பழம் சாப்பிட்டாரா, கீரை, நாட்டுமருந்து, ஏதாவது? அம்மா ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள். பொண்ணு எழுதிக்கொடுத்த பட்டியலைத் தாண்டி ஒரு பருக்கை போகவில்லை, வேண்டுமானால் பட்டியலைக் கொண்டுவருகிறேன் என்றாள்.

"உப்புக்குப் பதிலா ஏதாவது உப்பு யூஸ் பண்றீங்களாம்மா?"

அம்மா அதற்கும் இல்லை என்றாள். நான் வெட்டி எறிந்த வரி அது. அந்த ஆஸ்பத்திரி அறையில், பச்சைத் திரைக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் அது எனக்குத் திரும்ப வந்தது. வந்தது தனியாக வரவில்லை. ட்ரையல் புத்தகமும், அப்பா சொன்ன கசப்பும் சேர்ந்தே வந்தன.

"டாக்டர், சூப் பவுடர் ஒண்ணு குடிக்கறார். அதுல பொட்டாசியம் குளோரைடு இருக்கு."

என்ன பிராண்ட் என்று கேட்டார். பாக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

"பாக்கெட்ல ஒண்ணும் எழுதியிருக்காது டாக்டர். நான் பண்ணினதுதான்."

ஒரு டம்ளரில் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். மில்லிகிராம் வரை சொன்னேன். எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அவர் எழுதிக்கொண்டார். எதுவும் திட்டவில்லை. அன்று மதியமே டயாலிசிஸ் செய்தார்கள்.

அப்பா பிழைத்தார். வார்டுக்கு மாற்றிய மறுநாள், அம்மா கேன்டீனுக்குப் போயிருந்த நேரத்தில் அவரிடம் சொன்னேன். எதைச் சேர்த்தேன், ஏன் சேர்த்தேன், எந்த வரியை நீக்கினேன் என்று வரிசையாகச் சொன்னேன். வேறு விதமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்போ அந்த சூப்பு இனிமே கெடையாதா?"

அவர் என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கிடையாதுப்பா என்றேன். "செரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் மீதமிருந்த வெள்ளிப் பாக்கெட்டுகளை எடுத்துக் கத்தரித்துக் கழிவறையில் கொட்டினேன். பட்டியலின் அடியில் இருபத்துமூன்றாவது வரியைச் சேர்த்தேன். மற்றவை நீல மையில் இருந்தன. அது மட்டும் கறுப்பு.

அதன் பிறகு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முன்பு சிறுநீரகங்கள் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவாவது வேலை செய்தன, இப்போது அதுவும் இல்லை. சூப்தான் காரணமா என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன். ரத்த அழுத்த மாத்திரையாலும் பொட்டாசியம் ஏறும், சிறுநீரகம் எப்படியும் போய்க்கொண்டுதான் இருந்தது, டயாலிசிஸ் வரத்தான் செய்திருக்கும், எப்போது என்பதுதான் கேள்வி என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த 'எப்போது' எத்தனை மாதம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வெளியே வந்தேன்.

கம்பெனியில் சூப் விற்பனைக்குத் தயாரானது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் குடிக்கக் கூடாது என்று பாக்கெட்டில் ஒரு வரி வேண்டும் என்றேன். "ஆர்கானிக் பாக்கெட்ல மெடிக்கல் வார்னிங் போட்டா யாரும்மா எடுப்பாங்க?" என்று முதலாளி கேட்டார். வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அவர் மோசமான ஆள் இல்லை. எழுந்துபோய் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் பின்பக்கம், முகவரிக்குக் கீழே, சட்டம் அனுமதிக்கும் மிகச் சிறிய எழுத்தில் அந்த வரி வந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. வேலையை விடவும் இல்லை. விட்டால் அடுத்த பொருளின் பட்டியலை வேறு யாரோ எழுதுவார்கள்.

பதினொரு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை டயாலிசிஸுக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா சரிந்தார். இதயம் என்றார்கள்.

வருடப் படையலுக்கு, போனவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்பது எங்கள் வழக்கம். மாமா கோவளத்திலிருந்து வஞ்சிரம் வாங்கிவந்தார். அம்மா உருளைக்கிழங்கு வறுத்தாள், கீரை மசித்தாள், வாழைப்பழச் சீப்பையும் சீவிய இளநீரையும் வைத்தாள். ஃபிரிட்ஜ் கதவில் பட்டியல் அப்படியே இருந்தது. அதிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி இலைக்கு வந்ததுபோல் இருந்தது. முந்தின நாள் அம்மா என்னிடம், அந்த சூப்பில் ஒரு பாக்கெட் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். வேண்டாம்மா என்றேன். ஏன் என்றாள். அப்பாவிடம் சொன்னதை அவளிடம் நான் ஒருபோதும் சொல்லியிருக்கவில்லை. அன்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் அரிவாள்மணையிலிருந்து தலை தூக்கவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சினு கீறியா? டாக்டரு கேட்டதுக்கு நீ தமிழ்லதான சொன்ன. நானும் அங்கதான் நின்னுனு இருந்தேன்."

நறுக்கியதை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"அத்த ஒண்ணத்தான் அந்த மனுசன் மூஞ்சி சுளிக்காம குடிச்சாரு. கொண்டா."

கொண்டுவந்தேன். இப்போது அதற்கு லேபிள் உண்டு, பச்சை இலைப் படம் உண்டு, பின்பக்கம் என் வரியும் உண்டு. அம்மா சூப்பைக் கலந்து, அவருடைய எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, இலையின் வலது பக்கம் வைத்தாள். கற்பூரம் காட்டினோம். படைத்ததை வீட்டார் சாப்பிட வேண்டும். மற்றவர்கள் மீனுக்கும் சோற்றுக்கும் உட்கார்ந்தபோது அம்மா டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

ஆறிப்போயிருந்தது. மெதுவாகக் குடித்தேன். கடைசி வாயை நாக்கின் பின்பக்கம் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து அந்தக் கசப்பைத் தேடினேன். இல்லை. அது தெரியக் கூடாது என்றுதான் மூன்று ட்ரையல் வேலை செய்திருந்தேன்.