பெரியாளைப் பாவித்த கதை

முரசில் ஓர் அடி, அதன் பின்னால் வயலின்களெல்லாம் ஒன்றாக எழும்பி இழுபடும் ஓர் இழுவை. அந்தச் சத்தத்தை இன்றைக்கும் எவருடைய போனிலிருந்தாவது கேட்டுவிட்டால் நான் இருந்த இடத்தைவிட்டு எழும்பிவிடுவேன். கூடவே, கடற்காற்றில் ஆணியெல்லாம் துருப்பிடித்துப்போயிருந்த எங்கள் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து வரும் சூடான தூசி மணமும் மூக்கில் ஏறும். மாமா கட்டாரிலிருந்து அனுப்பியிருந்த அந்தப் பெட்டிக்கு முன்னால், கல்முனையில் கடற்கரைப் பக்கமிருந்த எங்கள் வீட்டின் நடு அறையில், காக்கா என்று நான் கூப்பிடும் என் அண்ணனும் நானும் ஒரு பள்ளிப் பருவத்தையே கரைத்தோம்.

நாடு பிடிக்கும் விளையாட்டு அது. நாம் ஒரு முறை நகர்த்தினால் எதிரி ஒரு முறை நகர்த்துவான், அவசரமே கிடையாது. நமது நகரத்தில் நூலகமும் பள்ளிக்கூடமும் கட்டக் கட்ட ஒரு கோடு மெல்ல நிறைந்துகொண்டு வரும். அது நிறைந்ததும் அந்த முரசு அடிக்கும், சரித்திரத்தில் உண்மையாகவே வாழ்ந்த ஒரு மேதை, தளபதியோ புலவரோ விஞ்ஞானியோ, தன் சொந்தப் பெயரோடு நகரத்து வாசலில் சின்னப் பொம்மையாக வந்து நிற்பார். நாங்கள் அவர்களைப் "பெரியாள்" என்போம். பெரியாளை இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். நகரத்திலேயே குடியிருத்தினால் முறைக்கு முறை கொஞ்சம் கொஞ்சமாக அறிவு ஊறும். அது வேண்டாமென்றால் ஒரு பட்டனை அமத்தலாம், பெரிய இலாபம் ஒன்று உடனே கொட்டும், ஆள் மறைந்துவிடுவார். பெரியாளைப் பாவிப்பது, அதாவது எடுத்துச் செலவழித்துவிடுவது, என்று இதைச் சொல்வோம். காக்கா ஒருவரையும் குடியிருத்தியதில்லை.

ஒருநாள் வீட்டில் பிள்ளைகளுக்கு எடுக்கும் வகுப்பு முடிந்து, விரலெல்லாம் சோக்குத் தூளோடு வாப்பா எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து முரசு அடித்து, பாரசீகத்துக் கணித அறிஞர் ஒருவர் திரையில் வந்தார். பெயரைக் கண்டதும் கணித ஆசிரியரான வாப்பாவின் முகம் மலர்ந்த மலர்ச்சி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"இந்த மனிசன் இதுக்குள்ளயும் இரிக்காரா!" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த அறிஞர் எந்தக் கணக்கை எப்படிப் போட்டார் என்று சொல்லத் தொடங்கினார். சொல்லி முடிக்க முன்னமே காக்கா பட்டனை அமத்திவிட்டான். பொன் நிறமாக ஓர் ஒளி அடித்தது, அவ்வளவுதான்.

"எங்கடா மனிசன்?"

"முடிஞ்சி வாப்பா. பாவிச்சாச்சி."

"பாவிச்சியா? அவரென்ன தேச்சிக் கரைக்கிற சவுக்காரமாடா?" என்று கேட்டுவிட்டு வாப்பா எழும்பிப் போனார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

வீட்டோடு சேர்த்துத் தகரம் போட்டிருந்த கொட்டிலில்தான் வாப்பாவின் வகுப்பு நடந்தது. எங்கள் தெருவிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் வரும் முஸ்லிம் பிள்ளைகளும், பாண்டிருப்பிலிருந்தும் காரைதீவிலிருந்தும் வரும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இடிபட்டுக்கொண்டு இருப்பார்கள். ஊரில் எந்தக் கலவரம் நடந்து கடைகள் பூட்டியிருந்தாலும், மறுவாரம் பாண்டிருப்புச் சைக்கிள்கள் எங்கள் வேலியோரம் வந்து சாய்ந்துவிடும். அதை வாப்பா ஒரு சாதனையாகப் பேசியதே இல்லை, ஆனால் சைக்கிள்கள் வரும் நேரத்தில் அவர் கண் வேலிப் பக்கம்தான் இருக்கும். அந்தப் பிள்ளைகளில் சுதாகரன் என்றொருவன். வாப்பா கரும்பலகையில் கணக்கொன்றைப் பாதியில் நிறுத்தி, "மிச்சத்த நாளைக்கி நீ வந்து முடி" என்று அவனிடம் மட்டும்தான் சொல்வார்.

காக்கா படிப்பை முடித்துவிட்டு உத்தியோகம் இல்லாமல் திரிந்த காலத்தில் ஒரு தேர்தல் வந்தது. எங்கள் பகுதியில் தேர்தல் வந்தால் பொன்னாடைக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். கவிதை எழுதியவர், எழுத நினைத்தவர், ஓய்வுபெற்ற அதிபர் என்று எவர் கழுத்து அகப்பட்டாலும் ஒரு சால்வையும் ஒரு பட்டமும் விழும். வாப்பா இதற்கெல்லாம் பிடி கொடுக்காத ஆள், படம் பிடிக்கக்கூட நிற்கமாட்டார். காக்காதான் வந்து, பழைய மாணவர்கள் சேர்ந்து சின்னதாக ஒரு பாராட்டு வைக்கிறார்கள், மறுத்தால் மனம் நோவார்கள் என்று சொன்னான். மாணவர்கள் என்ற சொல்லுக்கு மட்டும் வாப்பா இளகுவார் என்பது அவனுக்குத் தெரியும்.

வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக வாப்பா போனார், நானும் கூடப் போனேன். மாணவர்களும் இல்லை, மண்டபமும் இல்லை. சந்தியில் லொறியை நிறுத்தி மேடையாக்கியிருந்தார்கள். அவருக்குப் போர்த்தியதைப் பொன்னாடை என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள், அதில் பொன் நிறமே இல்லை, கட்சியின் நிறம்தான் இருந்தது. "கணிதக் கதிரவன்" என்று பட்டம் கொடுத்தார்கள். கெமராக்கள் மின்னின. பிறகு வேட்பாளர் மைக்கைப் பிடித்து, பாண்டிருப்புப் பக்கத்துச் சனங்களைப் பற்றி, அவர்களுடைய காணியைப் பற்றி, அவர்களை எங்கே வைக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசிய பேச்சை இங்கே எழுத எனக்குக் கை கூசுகிறது. சனம் விசிலடித்தது. வாப்பா இறங்க எழும்பினார். இரண்டு பேர் மரியாதையாகத் தோளைப் பிடித்து இருத்தினார்கள். "பாருங்க, கணிதக் கதிரவன் எங்கட பக்கம்!" என்று மைக்கைப் பிடித்திருந்த அந்த மனிதன் வாப்பாவை நோக்கிக் கையை நீட்டினான். மேடையின் ஓரத்தில் காக்கா கை தட்டிக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா சால்வையை உருவிக் காக்காவின் கையில் கொடுத்தார்.

"நல்லா நுரை வந்திச்சா மகன்?" என்று கேட்டார்.

மறுநாளிலிருந்து ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வாப்பாவின் பெயரைப் பாண்டிருப்பு எல்லை வரைக்கும் கத்திக்கொண்டு திரிந்தார்கள். சைக்கிள்கள் வரவில்லை. எதிர்க்கட்சித் தெருப் பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். சுதாகரனுக்காகப் பாதியில் நிறுத்திய கணக்கு பலகையிலேயே இருந்தது. அதை அழிக்க வாப்பா எவரையும் விடவில்லை. பாண்டிருப்புக்கு நேரில் போய்ச் சொல்லவும் பார்த்தார், போன வேகத்தில் பாலத்தடியிலிருந்து திரும்பி வந்தார். "என்னெண்டு சொல்ற? நான் மேடையில இருந்ததானே" என்று உம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அந்த வருடத்தோடு கொட்டிலைப் பூட்டினார். தேர்தல் முடிந்த கையோடு காக்காவுக்கு அரசாங்க உத்தியோகத்துக்கு நியமனம் வந்தது. உம்மா அந்தச் சால்வையால் கம்ப்யூட்டரைத் தூசி படாமல் மூடி வைத்தார். அதற்குப் பிறகு நான் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

வாப்பா மௌத்தாகி அடங்கிவிட்டார். கொட்டில் இருந்த இடத்தில் இப்போது காக்காவின் கார் நிற்கிறது. போன பெருநாளைக்குப் போனபோது அவனுடைய மகள் போனில் அதே விளையாட்டின் புதிய பதிப்பை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். முரசு அடித்தது. "இப்ப ஒரு பெரியாள மூணு தரம் பாவிக்கலாம் சாச்சா, முந்திமாதிரி ஒரேடியா முடியிறல்ல" என்றாள் பிள்ளை, சந்தோசமாக. நான் வாசலுக்கு எழும்பிப் போனேன்.

அவள் சொன்னது சரிதான். இந்தத் தேர்தலுக்கு அதே வேட்பாளர், தலை நரைத்து, மறுபடியும் நிற்கிறார், வாப்பாவின் பெயரில் ஒரு ஞாபகார்த்த விழா வைக்கிறார். பேனருக்குப் படம் வேண்டுமென்று காக்கா கேட்டான், நான் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அன்றைக்கு லொறியில் பிடித்த படத்தையே எடுத்து, வேட்பாளரின் சிரிப்புக்குக் கீழே சின்னதாக ஒட்டிச் சந்தியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு மனிதன் எழும்பிப் போக நினைத்த நொடியைப் படம் பிடித்து, செத்த பிறகும் அதே கதிரையில் இருத்தி வைத்திருக்கிற இந்தக் கூட்டத்தை நினைக்க எனக்குக் காறித் துப்ப வருகிறது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றது. முடி கொட்டியிருந்தாலும் சுதாகரனை எனக்குத் தெரிந்தது. அவனும் அண்ணாந்து பார்த்தான்.

"அந்தக் கணக்க நான் அண்டைக்கே வீட்ட வெச்சிச் செஞ்சி முடிச்சிட்டன்" என்றான். "கணக்குச் சேரிட்டக் கொண்டுபோய்க் காட்டத்தான் மனம் வரல்ல."

அவன் போய்விட்டான். விடை சரியா என்று பார்த்துச் சொல்ல வாப்பா இல்லை. மேலே பேனரில் சால்வை போர்த்திய ஒருவர்தான் இருந்தார்.